வலைவழி லினக்ஸ் நிறுவுதலும் விடுபட்ட இயக்கிகளும்

1988-இல் புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் மையம், 2013 பிப்ரவரியில் பரம் யுவா 2 என்னும் மீக்கணிப்பொறியை அங்கு அறிமுகப்படுத்தியது. பல கணிப்பொறிகள் ஒன்றாய் இணைந்து இயங்கும் இத்தகைய அமைப்புகளில், இயக்க முறைமையை ஒவ்வொன்றிலும் கையால் நிறுவுவது இயலாத காரியம். ஆகவே ஒரு சேவையகத்திலிருந்து வலையமைப்பின் வழியே நிறுவுவது பொதுவான வழக்கம். முப்பது கணிப்பொறிகள் கொண்ட பள்ளி ஆய்வுக்கூடத்திற்கும் இம்முறையே ஏற்றது.

இம்முறையில் அடிக்கடி நேரும் இடர் ஒன்றுண்டு. புதிதாக வாங்கிய கணிப்பொறி நிறுவலைத் தொடங்கிச் சிறிது நேரத்தில், வலை அட்டை காணப்படவில்லை என்று அறிவித்து நின்றுவிடும். அட்டை பழுதென்று கருதி அதனைத் திருப்பி அனுப்புவோர் உளர். பெரும்பாலும் அது குற்றமற்ற அட்டையே.

இது எங்ஙனம் நேர்கிறது? மின்சாரம் பாய்ந்தவுடன், கணிப்பொறியின் நிலைநினைவகத்திலுள்ள பிஎக்ஸ்இ என்னும் சிறு நிரல் அட்டையை இயக்குகிறது. டிஎச்சிபி முறையில் முகவரி பெற்று, டிஎஃப்டிபி வழியாக லினக்ஸ் கருவையும் தொடக்கக் கோப்புத் தொகுப்பையும் அது இறக்கிக்கொள்கிறது. கரு விழித்தெழுந்ததும் அச்சிறு நிரலின் பணி முடிந்துவிடுகிறது. அட்டையைக் கரு தன் சொந்த இயக்கியைக் கொண்டே ஆள வேண்டும். அந்த இயக்கி தொகுப்பில் இல்லையெனில், எந்த அட்டையின் வழியே கரு வந்து சேர்ந்ததோ அந்த அட்டையையே அது அறியாது. இயக்கியோ சேவையகத்தில் இருக்கிறது. சேவையகத்தை அடைய இயக்கி வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவி இருப்பது போன்ற நிலை இது.

ஆகவே இயக்கியை முதல் தொகுப்பிலேயே சேர்த்துவிட வேண்டும். முதலில் அட்டையின் அடையாள எண்ணை எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையால் அறிய வேண்டும். இன்டெல் அட்டையாயின் அவ்வெண் 8086 எனத் தொடங்கும். அதற்குரிய இயக்கியைத் தேர்ந்து, கருவின் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவில் இட வேண்டும். இங்கே மிகுந்த கவனம் தேவை: வேறு பதிப்பிற்காகத் தொகுக்கப்பெற்ற இயக்கியைக் கரு பொதுவாக ஏற்காது.

சில அட்டைகளுக்கு இயக்கி மட்டும் போதாது. பிராட்காம் நிறுவனத்தின் சில அட்டைகளை ஆளும் பிஎன்எக்ஸ்2 இயக்கி, அட்டைக்குள் ஏற்ற வேண்டிய நிலைநிரல் ஒன்றைத் தனிக்கோப்பாகக் கேட்கிறது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல், அதிகாரபூர்வ நிறுவல் தட்டுகளில் இத்தகைய நிலைநிரல்கள் இடம்பெறுகின்றன. வலைவழித் தொகுப்பிலோ இவற்றைத் தனியே சேர்க்க வேண்டியுள்ளது. சென்னையில் உருவாகி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

சேர்க்கும் முறை எளிது. பழைய தொகுப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. புதிய கோப்புகளைச் சிபிஐஓ வடிவில் தனித் தொகுப்பாக்கி, சுருக்கி, பழையதன் வாலில் ஒட்டினால் போதும்; கரு இரண்டையும் வரிசையாக விரித்துக்கொள்ளும். ஒரே பெயருள்ள கோப்பு இரண்டிலும் இருப்பின் பின்னது முன்னதை மறைத்துவிடும். ஆதலால், இயக்கிகளின் சார்பினைக் குறிக்கும் பட்டியலை டெப்மாட் கட்டளையால் புதிதாக ஆக்கும்போது, பழைய இயக்கிகளும் அதில் அடங்கியிருத்தல் வேண்டும். இன்றேல் புதிய அட்டை இயங்கும். முன்பு இயங்கிய அட்டைகள் நின்றுபோகும்.

சேவையகத்திலுள்ள மூலத் தொகுப்பை வேறு பெயரில் காத்துவைத்து, முதலில் ஒரு கணிப்பொறியில் மட்டும் சோதித்தல் நலம். கருவின் பதிப்பு மாறும்போது இப்பணியை மீண்டும் செய்ய நேரும்.