இருபது காசு தின்ற நாதஸ்வரம்

வீட்டில் பழைய இசைத்தட்டுப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி. பாட்டு ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு, பாடியதையே திரும்பத் திரும்பப் பாடினால் என்ன செய்வீர்கள்?

"கையின் தலைமேல் ஒரு காசை வை, ஓடிவிடும்" என்பதுதான் நம் தோட்டப்புறங்களில் வழிவழியாக வந்த வைத்தியம். நானும் அந்த வைத்தியம் செய்தவன்தான். அதனால் என்ன இழந்தேன் என்பதைச் சொன்னால், உங்கள் வீட்டுத் தட்டுகளாவது தப்பிக்கும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ரேடியோகிராம் இருந்தது. அப்பா அதைக் கைமாற்றாக வாங்கியிருந்தார். அவர் உயிராக வைத்திருந்தது காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டு. பால்மரக் காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும்தான் அதைப் போடுவார். 1992-ஆம் ஆண்டில், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அந்தத் தட்டு முடியப்போகும் இடத்தில் சிக்கத் தொடங்கியது. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் தலைமேல் ஓர் இருபது காசை வைத்தேன். சிக்கல் தீர்ந்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எண்ணிச் சில மாதங்கள் அந்தக் காசை எடுக்கவே இல்லை. அதன்பிறகு அந்தக் கடைசிப் பகுதியில் நாதஸ்வரத்தோடு சேர்ந்து மழை பெய்வது போன்ற இரைச்சலும் வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

கையின் வேலை என்ன?

இசைத்தட்டில் பாட்டு எழுத்தாக இல்லை, பள்ளமாக இருக்கிறது. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு மெல்லிய பள்ளம். அதன் இரு சுவர்களும் பாட்டுக்கு ஏற்ப நெளிந்திருக்கும். ஊசி அந்த நெளிவுகளைத் தடவிச் செல்லும்போது உண்டாகும் அதிர்வே ஒலியாக மாறுகிறது. ஊசியைத் தாங்கி, விளிம்பிலிருந்து நடுவரை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கையின் வேலை.

பால்மரம் சீவும் நம் மக்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்தப் பட்டை மறுபடி சரியாக வளராது. அளவாகப் பட்டையைச் சீவுவதுதான் தொழில். ஊசியும் அப்படித்தான். பாரம் கூடினால் பள்ளத்தின் சுவர் தேய்ந்துபோகும். பாரம் மிகக் குறைந்தாலும் கெடுதிதான். ஊசி சுவரோடு ஒட்டி நிற்காமல் எகிறி எகிறி விழுந்து சுவரைக் கொத்தும். மரத்திலாவது சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும். தட்டில் தேய்ந்த பாட்டு தேய்ந்ததுதான்.

பழைய ரேடியோகிராம்களில் இருந்த செராமிக் வகை ஊசித்தலைகளுக்கு நான்கைந்து கிராம் பாரம் தேவைப்பட்டது. பின்னர் வந்த காந்த வகைத் தலைகள் பலவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் போதும். நம் நாட்டின் பழைய இருபது காசு நாணயம் ஐந்தரை கிராமுக்குக் குறையாது. அப்படியானால் நான் அப்பாவின் தட்டின்மேல் ஏற்றி வைத்தது ஏறக்குறைய இரட்டிப்புப் பாரம்!

சிக்கலுக்குக் காரணம் வேறு

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. தானாகவே கை திரும்பும் கருவிகளில், தட்டு முடியும் இடத்தை நெருங்கும்போது கை ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள வேண்டும். அந்த நெம்புகோலில் போட்டிருந்த கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் இறுகியிருந்தது. கை அதைத் தள்ள முடியாமல் திணறியதால்தான் கடைசிப் பகுதியில் மட்டும் ஊசி பின்வாங்கியது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் துளி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் நோய் அது. நான் நோயைப் பார்க்காமல் காசை வைத்தேன்.

ஆகவே, ஊசி தாவினாலோ சிக்கினாலோ முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஒரே தட்டில் ஒரே இடத்தில் என்றால் தட்டில் கீறலோ அழுக்கோ இருக்கலாம். எல்லாத் தட்டுகளிலும் கடைசியில் என்றால் நெம்புகோலைச் சந்தேகியுங்கள். எங்கு பார்த்தாலும் தாவினால் கையின் பாரம், சுழலும் அச்சு, ஊசி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசித்தலையில் திருப்பும் பிடி இருந்தால் அதையும் கவனியுங்கள். ஒரு பக்கத்து ஊசி 78 சுற்றுத் தட்டுக்கு, மறுபக்கத்து ஊசி நீண்ட நேரத் தட்டுக்கு. 78-க்கு உரிய பருமனான ஊசியை நீண்ட நேரத் தட்டில் ஓட்டுவது, குறுகிய வாய்க்காலில் பெரிய வாளியை இழுப்பது போலாகும்.

பாரத்தைச் சரிபார்க்கும் முறை

பின்புறம் சுழலும் எடைக்குண்டு உள்ள கைகளுக்கு முறை எளிது. பக்க இழுப்பைச் சரிக்கட்டும் திருகை முதலில் பூஜ்யத்தில் வையுங்கள். கையைத் தட்டுக்கு வெளியே, தாங்கியிலிருந்து விடுவித்து, ஊசி எதிலும் படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். குண்டை மெல்லச் சுழற்றி, கை தராசுக் கோல்போல் மட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். இப்போது குண்டை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பி, உங்கள் ஊசிக்குச் சொல்லப்பட்ட கிராமில் நிறுத்துங்கள். அதே எண்ணைப் பக்க இழுப்புத் திருகிலும் வையுங்கள்.

சுருள்வில்லால் பாரம் கொடுக்கும் பழைய கைகளில் எண்ணை நம்ப வேண்டாம். வில் வயதானால் தளர்ந்துவிடும். இதற்கென்றே இப்போது விற்கும் சிறிய மின்னணுத் தராசை வாங்கி, தட்டின் உயரத்திலேயே வைத்து நிறுத்துப் பாருங்கள்.

பக்க இழுப்பு என்றேனே, அது என்ன? தட்டு சுழலும்போது கை தானாகவே நடுவை நோக்கி இழுபடும். அதனால் பள்ளத்தின் உட்சுவரில் பாரம் கூடி, வெளிச்சுவரில் குறையும். அதைச் சமன்செய்யவே ஒரு வில்லோ, நூலில் தொங்கும் சிறு எடையோ கையை வெளிப்புறமாக மெல்ல இழுக்கிறது. நூல் அறுந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெல்லிய தூண்டில் நூலால் மீண்டும் கட்டிவிடலாம்.

வளைந்த கை வளைந்தே இருக்கட்டும்

தொழிற்சாலையில் மூலத்தட்டில் பள்ளம் வெட்டும் கருவி, விளிம்பிலிருந்து நடுவுக்கு நேர்க்கோட்டில் போகிறது. நம் கையோ, கீலில் மாட்டிய கதவுபோல் வளைவாகப் போகிறது. இந்த வேறுபாட்டைக் குறைக்கவே கையின் தலை ஒரு கோணத்தில் திரும்பியிருக்கிறது. ஊசியும் நடு ஆணியைச் சற்றுத் தாண்டி நிற்கும்படி அமைக்கப்படுகிறது. பொதுவான ஓர் அமைப்பில், தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் ஊசி சரியான கோணத்தில் நிற்கும். மற்ற இடங்களில் சிறு பிழை இருந்தே தீரும். கை கோணலாக இருக்கிறதே என்று நிமிர்த்தப் பார்க்காதீர்கள்!

பேர்பெற்ற சில கைகள்

இங்கிலாந்தில் அலஸ்டர் ராபர்ட்சன்-ஏக்மன் என்பவர் 1946-இல் தொடங்கிய எஸ்.எம்.இ. நிறுவனம், முதலில் சிறு மாதிரி இயந்திரங்களுக்கான பாகங்களைத்தான் செய்தது. தமக்கென்று ஒரு நல்ல கை வேண்டும் என்று அவர் செய்து பார்த்ததே பின்னர் தொழிலாயிற்று. 1959-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கை உலகப் புகழ் பெற்றது. 3009 என்பது ஒன்பது அங்குலக் கை, 3012 என்பது பன்னிரண்டு அங்குலக் கை. தராசு முள்ளைப்போல் கத்திமுனையின்மேல் அது மேலும் கீழும் அசைகிறது. இந்தக் கைகளுக்கு வயதானால் பின்புறக் குண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் தளர்ந்து, குண்டு தலைகுனிந்து தொங்கும். அந்த ரப்பரை மாற்றினால் கை மீண்டும் இளமை பெறும். எஸ்.எம்.இ. நிறுவனம் 2019-இன் இறுதியில் கைகளைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் பழையவற்றுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 கருவி 1972-இல் வந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் ஆண்டுக்கணக்காக உழைத்தது. 2010-இல் உற்பத்தி நின்று, 2016-இல் புதிய வடிவில் மீண்டும் வந்தது. அதன் கை ஆங்கில 'எஸ்' எழுத்துப்போல் வளைந்தது, 230 மில்லிமீட்டர் நீளம். உறுதியானது, பழகுவோருக்கும் எளிது.

செய்யக்கூடாதவை

தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ கையின் அச்சில் ஊற்ற வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பசையாகிவிடும். கத்திமுனையில் நிற்கும் கைக்கு எண்ணெயே ஆகாது. மட்டமாக மிதக்கும் கையை மெல்ல ஊதிப் பாருங்கள். தயங்காமல் நகர்ந்து, வெட்டாமல் நின்றால் அச்சு நலமாக இருக்கிறது. நலமாக இருப்பதைத் திருகாணி கொண்டு இறுக்க வேண்டாம்.

ஒரு பக்கம் ஒலி வரவில்லையென்றால் தலைக்குள் இருக்கும் நான்கு மெல்லிய கம்பிகளைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது பக்கம். நம் நாட்டு ஈரக்காற்றில் தலையின் முனைகள் கறுத்துவிடும். பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்தாலே பாதி நோய் தீரும். ஊசித்தலையின் முனையில் நேராக ஈயம் வைத்துப் பற்றவைத்தால், அந்தச் சூட்டிலேயே அது செத்துவிடும். பெட்டியைத் திறக்குமுன் மின்சாரச் செருகியைக் கழற்றிவிடுங்கள். மின்கம்பி வேலையை விவரம் தெரிந்தவரிடமே விடுங்கள்.

பழைய சாமான் லோரி வரும்போது...

தோட்டம் விட்டு வீடு மாறும்போது, பெரியவர்கள் வைத்திருந்த பெட்டியை இடத்தை அடைக்கிறது என்று பழைய சாமான் லோரிக்குக் கொடுத்துவிடுகிறோம். ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் கையில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். இரும்பு விலைக்குப் போட வேண்டிய பொருளா அது என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். விற்பதென்றாலும் விலை தெரிந்து விற்கலாமே! அதைவிட முக்கியம், அதனோடு போகும் தட்டுகள். அவற்றில் சில பாட்டுகள் வேறு எந்த வடிவிலும் கிடைக்காமல் போகலாம்.

எங்கள் வீட்டுக் கை இப்போது நான்கு கிராமில் அமைதியாக நடக்கிறது. காருக்குறிச்சியாரின் தட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை, அப்பாவின் நினைவு நாளில் போடுகிறேன். கடைசிப் பகுதியில் அந்த மழை இன்னும் பெய்கிறது. அன்றைக்கு அப்பா என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை. காசை எடுத்து என் கையில் கொடுத்து, "இதைக் கடையில கொடுத்து மிட்டாய் வாங்கிக்கோ. தட்டு மேல வைக்காதே, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் மிட்டாய் வாங்கவில்லை. அந்த இருபது காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியின் தலைமேலும் ஒரு காசு உட்கார்ந்திருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள்.