உண்டியலில் கை வைத்தது யார்?

1950களில் டிரினிடாட் தீவின் தென்பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தார் வால்டர் மிஷெல் என்ற இளம் உளவியலாளர். அந்த ஊரில் இரண்டு வகை மக்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் ஒருபுறம்; கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய இந்தியாவிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் மறுபுறம். யாரிடம் பேசினாலும் அடுத்தவரைப் பற்றி ஒரு புகார் இருந்தது. அவர்கள் கையில் காசு தங்காது, இன்றைக்கு ஆட்டம்பாட்டம் என்றால் நாளையை மறந்துவிடுவார்கள் என்றனர் இந்தியர்கள். இவர்கள் காசை மெத்தைக்கடியில் திணித்துவைப்பார்கள், வாழவே தெரியாத கஞ்சர்கள் என்றனர் மற்றவர்கள்.

மிஷெல் நேராக உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பேரம் வைத்தார். இப்போதே வேண்டுமென்றால் ஒரு சின்ன மிட்டாய். ஒரு வாரம் பொறுத்தால் பத்து மடங்கு விலையுள்ள பெரிய மிட்டாய். 1958இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஊர்க்காரர்கள் எதிர்பாராத ஒன்று இருந்தது. எந்த இனத்துப் பிள்ளை என்பதைவிட, வீட்டில் அப்பா இருக்கிறாரா என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சின்ன மிட்டாயை உடனே வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மிஷெல் சொன்ன விளக்கம் எளியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஆண்பிள்ளையையே அதிகம் பார்த்திராத குழந்தை, முன்பின் தெரியாத ஒருவர் அடுத்த வாரம் மிட்டாயோடு வருவார் என்று எதை வைத்து நம்பும்?

இந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டு போயிருந்தால், சேமிப்பைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் செய்துவரும் உபதேசத்தில் பாதி குறைந்திருக்கும். நடந்தது வேறு. மிஷெல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1960களின் இறுதியில் அங்கிருந்த பிங் நர்சரிப் பள்ளியில் உலகப் புகழ்பெற்ற மார்ஷ்மெல்லோ சோதனையைத் தொடங்கினார். தட்டில் ஒரு மிட்டாய். சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பிலும் மற்றவற்றிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள் என்ற செய்தி பரவியதும், மன அடக்கம்தான் எல்லாம் என்று புத்தகங்கள் குவிந்தன. மூலச் சோதனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2018இல் டைலர் வாட்ஸ் குழு 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும், காத்திருப்புக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிற்று.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த சோதனை செலஸ்ட் கிட் என்ற உளவியலாளர் செய்தது. வீடற்றவர்கள் தங்கும் விடுதியில் தொண்டு வேலை செய்தவர் அவர். பெட்டி, பை எதற்கும் பூட்டில்லாத, எது எப்போது பறிபோகும் என்று தெரியாத இடத்தில் வளரும் குழந்தை, கையில் கிடைத்த மிட்டாயை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 28 குழந்தைகள். முதலில் படம் வரையும் வேலை. மேசையில் தேய்ந்துபோன பழைய கிரேயான்கள். “கொஞ்சம் பொறு, புதுசா நிறைய கொண்டுவரேன்” என்கிற மாதிரி சொல்லிவிட்டு ஆய்வாளர் போகிறார். பாதிப் பேருக்குச் சொன்னபடி தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுக்கிறார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையாம், இதையே வைத்துக்கொள் என்கிறார். அடுத்து ஸ்டிக்கர், அதே நாடகம் மறுபடியும். மூன்றாவதாகத்தான் மார்ஷ்மெல்லோ வருகிறது. சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். கடைசிவரை, அதாவது 15 நிமிடமும், தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14 பேரில் 9 பேர்; இரண்டாவது குழுவில் ஒரே ஒருவர். மன உறுதி அரை மணி நேரத்துக்குள் பிறந்து வளர்ந்துவிடுமா என்ன? பிள்ளைகள் எதிரே இருந்த ஆளை எடைபோட்டார்கள், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது தாத்தா பேரன் கையில் ஐம்பது ரூபாயைத் திணிப்பார். பஸ் ஏறுவதற்குள் அது அம்மாவின் பர்ஸுக்குப் போய்விடும். “பத்திரமா வச்சிருக்கேன்டா” என்பார் அம்மா. அந்தப் பத்திரமான இடம் எது என்று இன்றுவரை எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. மண் உண்டியலும் அப்படித்தான். மாதக் கடைசியில், இருபத்தெட்டாம் தேதிவாக்கில், கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்பார். அப்பா உண்டியலைக் கவிழ்த்து, ஈர்க்குச்சியை விட்டு, ஒவ்வொரு நாணயமாக இழுப்பார். “சம்பளம் வந்ததும் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். சம்பளமும் வரும். உண்டியல் மட்டும் லேசாகவே இருக்கும். அப்படி வளர்ந்த பையன் முதல் சம்பளத்தில் பெரிய கைப்பேசி வாங்கினால், ‘இவனுக்குச் சேமிக்கிற புத்தியே இல்லை’ என்று சொல்வதும் அதே அப்பாதான். சேர்த்துவைப்பது இன்னொருவருக்குத்தான் பயன்படும் என்று ஆறு வயதில் அவன் படித்த பாடம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அப்பா அயோக்கியர் என்று சொல்லவில்லை. கையில் பணம் இல்லாத வீட்டில் சொல்லைக் காப்பாற்றுவது செலவு பிடிக்கும் காரியம். ஏழை வீட்டுக் குழந்தையின் அவசரத்தைப் பண்புக்குறை என்று சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையில் ஒரு சான்று காரைக்குடிப் பக்கம் இருக்கிறது. நகரத்தார் பிள்ளைகள் சிறு வயதிலேயே பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகளில் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பழகியது பலருக்கும் தெரியும். வீட்டுக்குள் இருந்த பள்ளிக்கூடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் பெயர் ‘வேறு வைத்தல்’. மகனுக்குத் திருமணமாகிக் கொஞ்ச காலம் ஆனதும், அதே வளவுக்குள் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு வைத்துக்கொடுப்பார்கள். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெரியவர் அளந்து ஒதுக்குவார். அதற்குள் குடித்தனத்தை ஓட்டுவது சின்னஞ்சிறுசுகளின் பாடு. ஒரே கூரை, ஒரே முற்றம், ஆளுக்கொரு உலை. சொத்து பொது, சோறு தனி. அந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு வரவுசெலவுத் திட்டம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரியம்மா அடுப்புக்கும் அம்மா அடுப்புக்கும் நடுவேதான் அது விளையாடிக்கொண்டிருக்கிறது.

அந்நாளில் இந்த வீடுகளிலும் அப்பா ஊரில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் தாண்டிய கடைக்குப் போன முகவருக்கு மூன்றாண்டுக் கெடு. கெடு முடிந்ததும் திரும்புவார், கணக்கு முடியும், ஐந்தொகை எழுதப்படும். டிரினிடாட் பிள்ளைகளுக்கும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு தகப்பனின் இருப்பு அல்ல, அவர் வருவார் என்பதில் இருந்த உறுதி என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கணிப்பு. மிஷெல் காரைக்குடிக்கு வந்ததில்லை.

எல்லாவற்றையும் வளர்ப்பின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. காசு கைவிட்டுப் போகும்போது சிலருக்கு நிஜமாகவே வலிக்கிறது. 2007இல் பிரையன் நட்ஸன் குழு, மூளை ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்கு முதலில் பொருளையும் பிறகு விலையையும் காட்டியது. விலை கூடுதல் என்று பட்டதும், உடல்வலியின்போதும் அருவருப்பின்போதும் வேலை செய்கிற இன்சுலா என்ற பகுதி விழித்துக்கொண்டது. ஸ்காட் ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 13,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, செலவழிக்க வலிப்பவர்களையும் வலிக்கவே வலிக்காதவர்களையும் பிரித்தார்கள். முந்தைய வகையினரே அதிகம். ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரையுள்ள குழந்தைகளிடமும் இந்த இரு வகையையும் அவர்கள் பின்னர் பார்த்தார்கள். இந்த இரண்டு வகையும் ஒன்றையொன்று தேடிப்பிடித்துக் கல்யாணம் செய்துகொள்கின்றன, பிறகு பணத்துக்காகவே சண்டை போடுகின்றன என்பதும் அதே ரிக்கின் கண்டுபிடிப்பு. ஜாதகம் பார்த்து முடித்த நம் கல்யாணங்களுக்கும் இது அப்படியே பொருந்துவதை என்ன சொல்ல!

இதில் பிறப்பு எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு? ஸ்வீடனில் இரட்டையர்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. ஹென்ரிக் குரோன்குவிஸ்ட், ஸ்டீஃபன் சீகல் இருவரும் ஏறக்குறைய 15,000 இரட்டையர்களின் சேமிப்பை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் சேமிப்பில் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள், தனிக் கருக்களில் உருவான இரட்டையர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டால் மரபணுவின் பங்கு தெரியும். ஆளுக்கு ஆள் சேமிப்பு மாறுவதில் மூன்றில் ஒரு பங்கு மரபணுவுக்கு. பெற்றோர் வளர்ப்பின் முத்திரை இருபதுகளில் தெளிவாகத் தெரிகிறது. நாற்பதைத் தாண்டும்போது கிட்டத்தட்ட அழிந்துவிடுகிறது. அதற்குள் அவரவர் பட்ட அனுபவம் மேலேறிவிடுகிறது.

அதே ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த இன்னொரு குழு, பிள்ளையின் பிற்காலச் சொத்துக்குப் பெற்றவர்களின் சொத்தைவிட வளர்த்தவர்களின் சொத்துதான் பெரிய காரணம் என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வளர்த்தவர் சொன்ன அறிவுரை தேய்ந்துபோகிறது, வளர்த்தவர் வைத்திருந்த பணம் நின்று பேசுகிறது என்றுதான் எனக்குப் புரிகிறது.

வாழ்ந்த காலமும் தன் பங்குக்கு எழுதுகிறது. 1930களின் பெருமந்தத்தைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கர்கள் கடைசிவரை பங்குச்சந்தைப் பக்கம் தலைவைக்கத் தயங்கியதை உல்ரிகே மால்மெண்டியரும் ஸ்டீஃபன் நேகலும் 2011இல் காட்டினார்கள். நம் பாட்டிகளுக்கு வங்கியைவிட நகை மேல் என்று பட்டதற்கும் அவர்கள் பார்த்த காலம்தான் காரணம். இந்திய வீடுகளின் சொத்தில் தங்கம் 11 சதவீதம், வங்கி வைப்பு, காப்பீடு, பங்கு எல்லாம் சேர்த்து வெறும் 5 சதவீதம், மீதி வீடு, நிலம் உள்ளிட்ட பொருள்கள் என்று ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017இல் கணக்குச் சொன்னது.

சரி, பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் போகிறது என்பார்கள். 201 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான தொகுப்பாய்வு, மக்களின் பண நடத்தை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் நிதிக்கல்வி வகுப்புகள் விளக்குவது 0.1 சதவீதம் மட்டுமே என்றது. பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த பரிசோதனை கொஞ்சம் விசித்திரமானது. பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரோடு பேச வைத்தார்கள். மாணவர்களின் சேமிப்பு கூடியது, பெற்றோருக்கும் அறிவு கூடியது. கூடவே, தவணையில் பொருள் வாங்கும் பழக்கமும் மாணவர்களிடம் கூடிவிட்டது!

நம் வீடுகளில் பணம் பேசுபொருளே இல்லை. சம்பளம் எவ்வளவு என்று மகன் கேட்டால் அதிகப்பிரசங்கி. மகள் கேட்கவே மாட்டாள். அவள் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறாள். அம்மா அஞ்சறைப் பெட்டிக்கடியிலும், அரிசிப் பானைக்குள்ளும், பட்டுப்புடவை மடிப்பிலும் செருகிவைப்பதை அவள் பார்க்கிறாள். சேமிப்பு என்றால் ஒளித்துவைப்பது. அதுவும் வீட்டிலிருப்பவரிடமிருந்தே ஒளித்துவைப்பது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, எத்தனையோ வீடுகளில் மனைவிமார் தங்கள் பல வருடச் சேமிப்பைக் கணவன் கையில் கொடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ‘இவ்வளவா வச்சிருந்தே?’ என்ற கேள்வியைப் பாராட்டாகக் கேட்டவர்களும் உண்டு. அதன்பின் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு. தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் பெண்களிடையே செழிப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். சீட்டுக்குக் கட்டிய பணத்தை யாரும் நடு மாதத்தில் வந்து கேட்க முடியாது.

இப்போது வளரும் பிள்ளைகள் பணத்தைக் கண்ணால் பார்ப்பதே குறைந்துவிட்டது. கடையில் அம்மா கைப்பேசியைக் காட்டுகிறார், பெட்டி ஒன்று “ரூபாய் பெறப்பட்டது” என்று கத்துகிறது, பிஸ்கட் பாக்கெட் கைக்கு வருகிறது. கையிலிருந்து எதுவும் குறையவில்லை. எம்.ஐ.டி.யில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் கூடைப்பந்து ஆட்ட நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டு 2001இல் எழுதிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைவிடக் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்குவரை விலை கேட்டார்கள். அவர்கள் வணிகம் படித்த பெரியவர்கள். நம் வீட்டில் கைப்பேசியின் பின்னால் நிற்பது ஐந்து வயது.

மதுரையில் எனக்குத் தெரிந்த வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குச் சனிக்கிழமைதோறும் ஐம்பது ரூபாய், சில்லறையாக. தின்பண்டமும் பேனாவும் அதற்குள்தான். தீர்ந்துபோனால் அடுத்த சனிக்கிழமைவரை கிடையாது. சொன்ன நாளில் கொடுக்காமலும் இருக்கக்கூடாது என்பது இரு தரப்பு உடன்பாடு. ஒரு வாரம் சில்லறை இல்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நாள்காட்டித் தாளின் ஓரத்தில் ‘அம்மா பாக்கி 50’ என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, இதுக்கு வட்டி உண்டா என்று கேட்டாளாம்.