உயரத்துக்கும் கெடு உண்டு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். "கூடப் படிக்கிறவங்க எல்லாம் வளர்ந்துட்டாங்க, இவன் மட்டும் அப்படியே நிக்கிறான் டாக்டர்." எப்போதிருந்து என்று கேட்டால், "மூணாவது படிக்கும்போதே வரிசையில முதல்ல இவன்தான்" என்பார்கள். அன்றே வந்திருக்கலாமே! எட்டு வயதில் செய்திருக்கக்கூடிய பலவற்றைப் பதினாறு வயதில் செய்ய முடியாது.

காரணம் இதுதான். நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள குருத்தெலும்புத் தட்டில்தான் உயரம் உருவாகிறது. அங்குள்ள செல்களைப் பெருகச் சொல்வது வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும். நிறுத்தச் சொல்வது ஈஸ்ட்ரோஜன், ஆண் பிள்ளைகளுக்கும் அதுதான். பெண்களுக்கு 15, ஆண்களுக்கு 17 வயதையொட்டி அந்தத் தட்டுகள் எலும்போடு எலும்பாக மூடிவிடுகின்றன. அதன் பிறகு உயரத்துக்கு மருந்து கொடுப்பது, காய்ந்த கான்கிரீட்டுக்கு ஜல்லி சேர்ப்பதைப் போலத்தான்.

நம்பிக் கெடுகிற கதைகள்

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் வளர்ந்தார்." சில குடும்பங்களில் இது உண்மை. தாமதமாகப் பருவமடைந்து, தாமதமாக வளர்ந்து, மற்றவர்களை எட்டிப் பிடிக்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் தைராய்டு குறைபாடும், நாள்பட்ட சிறுநீரக நோயும், குடல் நோயும் வெளியே இதே போலத்தான் தெரியும். உங்கள் பிள்ளை எந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது.

"21 வயசு வரைக்கும் வளரும்." பெரும்பாலானவர்களுக்கு வளராது.

"ஸ்கிப்பிங் ஆடினால், கம்பியில் தொங்கினால் வளரும்." ஆடட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் அதனால் எலும்பு நீளாது. காலையில் அளந்தால் மாலையைவிடச் சுமார் ஒரு செ.மீ. கூடுதலாக எல்லோருக்குமே இருக்கும். முதுகெலும்பு ஓய்வெடுத்ததன் பலன் அது.

"பெரியவளான பிறகுதான் பொண்ணு வளருவா." நேர்மாறு. வேகமான வளர்ச்சி அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. வரைதான் பாக்கி.

"வகுப்பிலேயே என் பொண்ணுதான் உயரம்." எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தொடங்கியிருந்தால், இது பெருமைப்படும் விஷயமல்ல. சீக்கிரம் பருவமடையும் பிள்ளை இன்று உயரமாகத் தெரிந்தாலும் தட்டுகள் முன்னதாகவே மூடி, கடைசியில் குட்டையாக நின்றுவிடக்கூடும். ஆண் பிள்ளைகளுக்கு இந்த எல்லை ஒன்பது வயது.

டப்பாவில் உயரம் இல்லை

உயரம் கூட்டும் பவுடர் என்று விற்கப்படும் எதையாவது வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பலரும் வருகிறார்கள். சத்துக்குறைவு இல்லாத பிள்ளைக்கு அதனால் ஒரு செ.மீ.கூடக் கூடாது. அதைவிட ஆபத்து, பசி எடுக்க என்று கடையில் சொல்லிக் கொடுக்கும் மாத்திரைகளும் பெயரில்லாப் பொட்டலங்களும். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் கன்னம் உப்பும், எடை ஏறும், வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் உயரத்தைத் தடுக்கும் மருந்துகளில் முதன்மையானது ஸ்டீராய்டுதான்! பிள்ளையின் உடம்பு பரிசோதனைக்கூடமல்ல. ஆஸ்துமாவுக்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் எல்லோருக்குமானதல்ல. குறைபாடு உறுதியானவர்களுக்கும், டர்னர் என்ற பிறவிக் குறைபாடுள்ள பெண் பிள்ளைகள் போன்ற சிலருக்கும்தான் அது. பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும்.

எப்போது வர வேண்டும்?

நான்கு வயதுக்குப் பிறகு, பருவமடையும் வரை, ஆண்டுக்கு 5 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால் வாருங்கள். குண்டாகவும் குட்டையாகவும் இருந்தால் கட்டாயம் வாருங்கள். வெறும் உணவால் பருமனான பிள்ளை பொதுவாக வயதுக்கேற்ற உயரத்தோடுதான் இருக்கும். பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 வயதாகியும் பருவ மாற்றம் தொடங்காவிட்டாலும் வாருங்கள்.

குருத்தெலும்புத் தட்டுகளின் நிலையைப் பார்க்க இடது கை எக்ஸ்ரேயும், காரணத்தைக் கண்டறியச் சில ரத்தப் பரிசோதனைகளும் செய்வோம்.

தயவுசெய்து அளந்து வையுங்கள்

அங்கன்வாடியோடு அளப்பது பெரும்பாலும் நின்றுபோகிறது. அதன் பிறகு சட்டை சிறிதாவதை வைத்துத்தான் வளர்ச்சியைக் கணிக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், கொண்டையில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து அளந்து, தேதியோடு எழுதுங்கள். இரவில் போனை வாங்கி வைத்துவிட்டு நேரத்தோடு தூங்க வையுங்கள். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். தட்டில் பருப்பும் முட்டையும் பாலும் இருக்கட்டும்.

குட்டையாக இருப்பது குற்றமல்ல. பெற்றோர் உயரத்துக்கேற்ப ஆரோக்கியமாக வளரும் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். அதை ஏழெட்டு வயதிலேயே தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போங்கள். சிகிச்சை வேண்டும் என்றாலும் அந்த வயதில்தான் எங்களால் ஏதாவது செய்ய முடியும். போலீஸ் வேலைக்கு உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகு வந்து கேட்டால், எங்களிடம் தருவதற்கு எதுவும் இருக்காது.