ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா? கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள்!

"இந்தக் கம்ப்யூட்டர் வந்த நாள்லேர்ந்துதான்டா பீஸ் போகுது" என்றார் அம்மா. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் கேட்கும் புகார்தான் இது. எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று முறை, இரவு ஏழரை மணி வாக்கில் விளக்கு அணைந்து, யு.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்தியது.

நான் பி.இ. படித்த சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? வேலை அவசரத்தில், பழைய ஒயரிலிருந்து நான்கு செம்பு இழைகளை உருவி, முறுக்கி, ஃப்யூஸ் கட்டையில் கட்டிவிட்டேன். ஃப்யூஸ் போவது நின்றது. எர்ரர் மெசேஜை மறைத்துவிட்டு, புரோகிராம் சரியாகிவிட்டது என்று சொல்வது போன்ற வேலை இது.

இரண்டு நாள் கழித்து அம்மா துணி தேய்க்கும்போது, அயர்ன் பாக்ஸ் ஒயரில் பொறி பறந்து புகை வந்தது. அம்மா உடனே சுவிட்சை அணைத்ததால் தப்பித்தோம். ஒயரின் உறை தேய்ந்து, உள்ளே இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தன. நான் கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரமும், அம்மா துணி தேய்க்கும் நேரமும் ஒன்று. அதனால் பழி கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. மூன்று முறை ஃப்யூஸ் எங்களைக் காப்பாற்றியது. நான்காவது முறை அதைத் தடுத்தவன் நான்தான்!

உங்கள் வீட்டில் ஃப்யூஸ் போனால் இப்படிச் செய்யுங்கள்:

1. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே, உலர்ந்த கையால் ஃப்யூஸ் கட்டையைக் கழற்றுங்கள். கட்டையில் கரி தெறித்திருந்தால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். கரியின்றிக் கம்பி மட்டும் உருகியிருந்தால் ஓவர்லோடாக இருக்கலாம்.

2. அந்த லைனில் உள்ள எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு, சரியான அளவு ஃப்யூஸ் கம்பியைக் கட்டி ஆன் செய்யுங்கள். அப்போதும் போனால் கோளாறு வயரிங்கில் இருக்கக்கூடும். எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

3. போகவில்லையா? கருவிகளை ஒவ்வொன்றாக, பத்து நிமிட இடைவெளியில் இணையுங்கள். எதை இணைத்ததும் போகிறதோ, அதன் ஒயரையும் பிளக்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. தனித்தனியாக எதுவும் போகவில்லை என்றால் வாட்டைக் கூட்டிப் பாருங்கள். 5 ஆம்பியர் லைன் 230 வோல்ட்டில் தாங்குவது 1150 வாட். அயர்ன் பாக்ஸே 1000 வாட் இருக்கும். கம்ப்யூட்டருக்கு 200 வாட் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். சற்றே தாண்டினால் ஃப்யூஸ் உருகாமலும் இருக்கலாம். ஆனால் ஒயர் சூடாகும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டரை 15 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள்.

எம்.சி.பி. உள்ள வீட்டிலும் இதே சோதனைதான். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று பெரிய ஆம்பியர் எம்.சி.பி. மாட்டாதீர்கள். அது நான் கட்டிய நான்கு இழைக்குச் சமம்.