சிறுநீர் வடிகுழாய்சார் தொற்று

சிறுநீர் வடிகுழாய்சார் தொற்று என்பது சிறுநீர்ப்பையில் வைக்கப்படும் வடிகுழாயின் வழியாகவோ அதன் காரணமாகவோ சிறுநீர்ப் பாதையில் ஏற்படும் நுண்ணுயிர்த் தொற்று ஆகும். பேச்சு வழக்கில் "யூரின் டியூப்" எனப்படும் இக்குழாய் அறுவை மருத்துவத்தின்போதும், சிறுநீர் அடைப்பிலும், தண்டுவடப் பாதிப்பிலும் பயன்படுகிறது. மருத்துவமனையில் ஏற்படும் தொற்றுகளில் இது மிகவும் பொதுவான வகைகளுள் ஒன்று. குழாயின் மீது பாக்டீரியாக்கள் கட்டும் படலமே இத்தொற்றின் அடிப்படை. அப்படலத்தைத் தடுப்பது குறித்துச் சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் நடந்துள்ளன.

தோன்றும் விதம்

இயல்பான நிலையில் சிறுநீர் வேகமாக வெளியேறும்போது கிருமிகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. வடிகுழாய் இந்தப் பாதுகாப்பைக் குலைத்துவிடுகிறது. நுனியில் ஊதப்படும் சிறு பலூனால் உள்ளேயே நிற்கும் குழாயை 1930-களில் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் போலி உருவாக்கினார். அந்தப் பலூனுக்குக் கீழே சிறிதளவு சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். குடலிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாக்கள் குழாயின் வெளிப்புறமாகவோ, பை அல்லது இணைப்பு மாசுபட்டால் உட்புறமாகவோ மேலேறுகின்றன.

இவை குழாயின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு பொருளைச் சுரந்து, அதனுள் கூட்டமாக வாழத் தொடங்குகின்றன. இதுவே உயிர்ப்படலம். படலத்தினுள் இருக்கும் பாக்டீரியாவை நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளும் உடலின் வெள்ளணுக்களும் எளிதில் அழிக்க இயலாது. புரோட்டியசு மிராபிலிசு என்னும் பாக்டீரியா இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: சிறுநீரில் உள்ள யூரியாவைச் சிதைத்து அமோனியாவாக்கி, சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அதனால் மக்னீசியம் அமோனியம் பாசுபேட்டுப் படிகங்கள் குழாயில் படிந்து, நாளடைவில் குழாயையே அடைத்துவிடுகின்றன.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா தோன்றும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ அனைவரிடமும் பாக்டீரியா காணப்படும். எனினும் பாக்டீரியா இருப்பது வேறு, தொற்று நோய் வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, காரணமறியாத மனக்குழப்பம் போன்றவை தோன்றும்போதே அது நோயாகக் கருதப்படுகிறது. கலங்கிய அல்லது நாற்றமடிக்கும் சிறுநீர் மட்டுமே தொற்றுக்குச் சான்றாகாது. முதியோரைக் கவனிக்கும் குடும்பத்தினர் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி இது.

தடுப்பு

குழாயைத் தேவையின்றிப் பொருத்தாதிருப்பதும், பொருத்தியதை விரைவில் எடுப்பதுமே முதன்மையான தடுப்பு. படுக்கை நனையாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் போதிய காரணமன்று. இன்னும் தேவையா என்பதை நாள்தோறும் கேட்க வேண்டும். ஆண்களுக்கு ஆணுறை வடிவிலான வெளிக்குழாயும், சிலருக்கு அவ்வப்போது குழாய் செலுத்தி உடனே எடுத்துவிடும் முறையும் மாற்றாக அமையும்.

முற்காலத்தில் குழாயின் மறுமுனை திறந்த பாத்திரத்தில் விடப்பட்டது. அப்போது நான்கு நாள்களுக்குள் ஏறத்தாழ அனைவருக்கும் பாக்டீரியா தோன்றிவிடும். 1960-களில் பரவிய மூடிய வடிகால் முறை இதனைப் பெரிதும் தாமதப்படுத்தியது. எனவே குழாயும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றலாகாது. பை சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக்கூடாது. கை கழுவிய பின்னரே பையைக் காலி செய்ய வேண்டும். நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்வதே போதுமானது. முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுத்துவருவது மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவையே வளர்க்கும். வெள்ளி பூசிய குழாய்கள் மீது பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. ஆயினும் 2012-இல் லான்செட்டு இதழில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், குறுகிய காலப் பயன்பாட்டில் அவை குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை.

மருத்துவம்

அறிகுறியற்றவருக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. கருவுற்ற பெண்களும், சிறுநீர்ப் பாதையில் குருதிக்கசிவு ஏற்படக்கூடிய அறுவைக்குச் செல்வோரும் விதிவிலக்கு. அறிகுறி இருப்பின், இரண்டு வாரத்திற்கு மேல் உள்ளே இருந்த குழாயை எடுத்துவிட்டு, தேவையெனில் புதியது பொருத்தி, அதிலிருந்தே வளர்ப்புச் சோதனைக்குச் சிறுநீர் எடுக்க வேண்டும். பையில் தேங்கிய சிறுநீர் இச்சோதனைக்கு உதவாது. பழைய குழாயை விட்டுவைத்தால் படலமும் உள்ளேயே தங்கிவிடும். விரைவில் குணம் காண்போருக்கு 7 நாள்களும், தாமதமாகக் குணம் காண்போருக்கு 10 முதல் 14 நாள்களும் மருந்து தரப்படுகிறது.

காரைக்குடி ஆய்வுகள்

1985-இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பவியல் துறை, பாக்டீரியாக்கள் தமக்குள் வேதிச் சைகைகளால் "பேசிக்கொண்டு" படலம் கட்டுவதை ஆராய்ந்தது. அவற்றைக் கொல்லாமல் அந்தப் பேச்சை மட்டும் தடுப்பதே நோக்கம். கொல்லாத மருந்துக்கு எதிராக எதிர்ப்புத்திறன் வளரும் வாய்ப்பு குறைவு என்பது இதன் பின்னுள்ள கருத்து. 2012-இல் சீரகமும் அதிலுள்ள மெத்தில் யூசினாலும் ஆராயப்பட்டன. 2014-இல் புட் கெமிசுட்ரி இதழில் வெளிவந்த ஆய்வு, செட்டிநாட்டுச் சமையலில் நாள்தோறும் புழங்கும் மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொண்டது. எசரிக்கியா கோலை, புரோட்டியசு மிராபிலிசு உள்ளிட்ட சிறுநீர்ப்பாதைப் பாக்டீரியாக்களின் படல உருவாக்கத்தை அது குறைத்தது; நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு அவை எளிதில் ஆட்படவும் செய்தது.

இவை ஆய்வகக் கலங்களில் கிடைத்த முடிவுகள். உண்ணும் மஞ்சளிலிருந்து குர்குமின் குருதியில் மிகக் குறைவாகவே சேர்கிறது. ஆகவே மஞ்சள் கலந்த பாலோ, குழாயைச் சுற்றிப் பூசும் மஞ்சளோ இத்தொற்றுக்கு மருந்தாகாது. பூசுவதால் குழாயின் வாயிலில் மாசு சேரவும் கூடும்.