கழுத்தில் தகர வில்லை, கங்காணி கையில் துண்டு

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் பேருந்தில் நடத்துனர் ‘மண்டபம் கேம்ப் எறங்கு’ என்று குரல் கொடுப்பார். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். மற்றவர்களின் கண்ணெல்லாம் அடுத்து வரப்போகும் பாம்பன் பாலத்தின் மேல் இருக்கும். அந்தக் ‘கேம்ப்’ யாருக்காகப் போடப்பட்டது என்று பலருக்கும் தெரியாது. கேட்டால் இலங்கை அகதிகளுக்காக என்பார்கள். அகதிகள் வந்தது 1980களில்தான். முகாம் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

கடற்கரைக் கிராமம் ஒன்றில் மாலை வகுப்பில் அமெரிக்க அடிமை முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1619இல் வர்ஜீனியா கரையில் இருபதுக்கும் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டது, பருத்திக் காடு, சாட்டை, உள்நாட்டுப் போர், 1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் என்று சொல்லி முடித்தோம். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அவங்கள கப்பல்ல கொண்டுபோய் வித்தாங்க. நம்மள யாரும் அப்படிக் கொண்டு போகலயே, தோழர்?”

கொண்டு போனார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பீஜப்பூர்ப் படைகள் சூறையாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைகளில் டச்சுக் கம்பெனி 8,000 முதல் 10,000 பேரை விலைக்கு வாங்கியது. பெரும்பாலோர் போனது இலங்கைக்கு. ஆங்கிலேயரும் சளைத்தவர்கள் அல்லர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அவர் காலத்தில்தான் இங்கிருந்து ஐரோப்பா போகும் கப்பல்களில் செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை ஏற்றி அனுப்ப உத்தரவு இருந்தது. சென்னையில் சம்பாதித்த அவர் 1718இல் கொடுத்த நன்கொடைக்காகத்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயர். அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது 1833இல். எசமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அந்தச் சட்டம்கூடக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலத்துக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். இங்கே 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் வந்தது. அடிமை மீது எசமானுக்குள்ள உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. மனிதரை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தால்தான். பண்ணையாளுக்கும் படியாளுக்கும் சட்டம் மாறிய செய்தி எட்டியதா? எட்டினாலும் உழ ஒரு குழி நிலம் இல்லாதவர் எங்கே போவார்?

இலங்கைக்குப் போனார். மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைகள் காப்பி போட்டிருந்தார்கள். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழி நெடுக ஆட்களைத் தின்றன. காப்பியை நோய் அழித்தபின் தேயிலை வந்தது. ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதால் குடும்பம் குடும்பமாக ஆள் தேவைப்பட்டது. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் சேரி, தோட்டத்தில் லயம்.

1914இல் பாம்பன் பாலம் வந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்குப் பிறகு இலங்கை அரசு நம் மண்ணிலேயே, மண்டபத்தில், முகாம் போட்டது. வந்தவர்களைச் சில நாள் அடைத்துவைத்து அம்மை குத்தி, துணிமணிகளை மருந்துப் புகையில் போட்டு எடுத்து, நோயில்லை என்று தெரிந்தபின்தான் கப்பல். கழுத்தில் கயிற்றில் கோத்த தகர வில்லை. அதில் பொறித்த எண்ணைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வழியில் எவரும் சொல்லிவிடலாம்.

வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கடனை இன்னொரு துரை கட்டுவார். கடன் தலையைவிட்டு இறங்காது, கைதான் மாறும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

இதை அமெரிக்க அடிமை முறையோடு ஒன்றாக்க நாம் விரும்பவில்லை. தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி ஏலம் விட்டது அங்கே. இங்கே சம்பளம் என்று ஒன்று இருந்தது, ஊர் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: அங்கே விடுதலைக்குப் பின் நிலமில்லாத கறுப்பின மக்களைப் பழைய பண்ணையிலேயே குத்தகையும் கடனும் கட்டிப்போட்டன. நம்மைக் கட்டிய கயிறும் அதே கடன்தான். இந்த ஒப்புமையை முதலில் கண்டவர்கள் நாமல்ல. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’ எழுதி, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கை ஆக்கினார். கறுப்பின அறிஞர் டூ போய்சுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதியது 1946இல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு மண்டபம் போனோம். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 1970களில் ‘தாயகம் திரும்பியவர்’. பிறந்தது மலையகத் தோட்டத்தில். 1948 குடியுரிமைச் சட்டத்தால் அங்கே நாடற்றவரானார். ராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோதுதான் இந்த மண்ணை முதன்முதலாகப் பார்த்தாராம்.

“எங்க பாட்டன் இந்தக் கேம்ப் வழியாத்தான் போனாராம் தம்பி. எந்த ஊர்லருந்து வந்தாருன்னு கங்காணிக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தோட்டத்துப் பேருதான் தெரியும்.”

பேரனுக்குக் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மூதாதையரின் சொந்த ஊருக்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்களாம் ஓர் அலுவலகத்தில். பாட்டியிடம் இருப்பது பழைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும். தகர வில்லையை யாரும் எடுத்து வைக்கவில்லை.

கேள்வி கேட்ட மாணவியும் அவள் தோழியும் வியாழக்கிழமை பாட்டியோடு அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி முகாம் போயிருக்கிறாராம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நாமும் போகிறோம்.