கணக்கில் வாராத காவல்

மாணவருக்குப் புள்ளியிடுவது என் தொழில். ஆதலாற் புள்ளிகள்மீது எனக்கு மதிப்பும் உண்டு, ஐயமும் உண்டு. அந்த ஐயத்தை வலுப்படுத்திய ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகின்றேன். அவர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் பில் ரஸல்.

1934ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்திற் பிறந்த ரஸல், 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலே தங்கப்பதக்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடினார். பின்னர் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த பொஸ்டன் செல்டிக்ஸ் என்னும் தொழில்முறை அணியிற் சேர்ந்தார். 1969இல் ஓய்வுபெறும் வரை அவர் ஆடிய பருவங்கள் 13. அவற்றுள் 11 பருவங்களில் அவ்வணியே வாகை சூடியது.

இத்தகையவர் கூடையிற் பந்தெறிவதில் இணையற்றவராய் இருந்திருப்பார் என எண்ணுவோம். உண்மை அதுவன்று. ஆட்டமொன்றிற்கு அவர் ஈட்டியது சராசரி 15 புள்ளிகளே. அவரோடு பொருத வில்ட் சேம்பர்லேனோ சராசரி 30 புள்ளிகள் ஈட்டியவர். 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றவர். ஆயினும், ரஸல் களத்தில் நின்ற காலத்திற் சேம்பர்லேன் வாகை சூடியது ஒரேயொரு முறைதான்.

இதன் இரகசியம் யாது? காத்தலே. தடுப்பவன் நிலத்தினின்றுங் காலெடுத்தலாகாது என்பது அக்காலப் பயிற்றுநர் பலரின் போதனை. ரஸலோ எழுந்து பாய்ந்து, கூடையை நோக்கி வரும் பந்தை வழியிலேயே மறித்தார். மறித்த பந்தைக் காண்போர் கைதட்டுமாறு களத்திற்கு வெளியே விரட்டுதல் எளிது. ஆனால், வெளியே சென்ற பந்து மீண்டும் எதிரணிக்கே உரியதாகும். ரஸல் அதனை மெல்லத் தட்டித் தம் தோழர் கைக்குச் சேர்ப்பிப்பார். எதிரியின் தாக்குதல் ஓய்ந்த கணமே தம்மவர் தாக்குதல் தொடங்கிவிடும்.

இத்திறனுக்கு ஏட்டில் இடமிருக்கவில்லை. தடுத்த பந்துகளைச் சங்கம் எண்ணத் தொடங்கியது 1973-74ஆம் பருவத்திலேதான். ரஸல் தடுத்தவை எத்தனை என்பதற்கு முழுக் கணக்கு இல்லை.

களத்திற்கு வெளியேயும் அவர் காவலராகவே நின்றார். 1961இல் லெக்சிங்டன் நகரிலே, அணியின் கறுப்பின வீரர் இருவருக்கு நிறங்காரணமாக உணவு மறுக்கப்பட்டது. ரஸலும் கறுப்பினத் தோழரும் அன்று ஆடாமலே ஊர் திரும்பினர். ஆடாத அந்த ஆட்டத்திற்கும் புள்ளி இல்லை.

2022இல், தம் 88ஆம் வயதில், அவர் மறைந்தார். அவர் அணிந்த 6ஆம் இலக்கத்தை இனிப் புதிதாக எவருக்கும் வழங்குவதில்லை எனச் சங்கம் முடிவுசெய்தது. எண்ணாமல் விட்டவரை ஓர் எண்ணாலே நினைவுகூர்ந்தனர்.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கின்றான். நடுத்தரப் புள்ளியே பெறுபவன். ஆனால், பின்தங்கிய தோழருக்கு நாள்தோறும் பாடஞ் சொல்லிக்கொடுப்பவன். தேர்ச்சியறிக்கையில் அதற்கென ஒரு கூடு இல்லை. சென்ற தவணை, அவ்வறிக்கையின் ஓரத்திலே அதனை ஒரு வரியாக எழுதி ஒப்பமிட்டேன்.